துணைக்கு வந்த படை



உங்கள் முன்னால் மேசைமேல் விரித்திருப்பது ஆறு முழக் காடாத் துணி. கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு வரலாறு நடத்திய காலத்தில், நானும் எங்கள் ஓவிய ஆசிரியரும் சேர்ந்து இதில் தென்னிந்தியாவை வரைந்தோம். கிருஷ்ணா, துங்கபத்திரை, பாலாறு, காவிரி நான்கும் நீலச் சாயம். காவிரிக் கழிமுகத்தில் மஞ்சளாக ஒரு கறை தெரிகிறதே, அது மாணவி ஒருத்தி கொட்டிய சாம்பார். நாட்டை இருபத்துநான்கு சீமைகளாகக் கோடு போட்டிருக்கிறோம். படைக்குப் புளியங்கொட்டை, பணத்துக்குச் சோழி. ஒவ்வோர் ஆண்டும் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு ஆறு வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு பீரியட், இந்தத் துணியைத் தரையில் விரித்துப் பிள்ளைகள் பேரரசு கட்டுவார்கள். அதிகாரம், கூட்டணி பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் அழைத்தபோது எனக்கு நூலகம் நினைவுக்கு வரவில்லை. பீரோவைத் திறந்து இதை எடுத்தேன்.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து குழு: மைசூர், நிஜாம், மராத்தியர், ஆற்காடு, கும்பினி என்கிற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. கையில் இருக்கும் சீமை ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஒரு சோழி தரும். ஒரு சோழி இருந்தால் ஒரு புளியங்கொட்டையைச் சோறு போட்டு வைத்துக்கொள்ளலாம். சுற்றுத் தொடங்கியதும் பத்து நிமிடம் பேச்சு. வராந்தாவில், வேப்பமரத்தடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாரோடு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம். பிறகு எல்லோரும் தங்கள் கட்டளையைச் சீட்டில் எழுதிச் சோற்றுப் போசியில் போட வேண்டும். எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் படிப்பேன். பேசியது எவரையும் கட்டுப்படுத்தாது, எழுதியதுதான் நடக்கும்.

இதன் எலும்புக்கூடு என் கற்பனையில் பிறந்ததில்லை. ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர் 1954இல், ஹார்வர்டில் சட்டம் படித்த காலத்தில், டிப்ளமசி என்ற பலகை விளையாட்டை உருவாக்கினார். விளையாட்டுக் கம்பெனிகள் ஏற்காததால் 1959இல் தம் சொந்தச் செலவில் 500 பிரதி போட்டார். பின்னாளில் தபால்காரராக வீடு வீடாகக் கடிதம் கொடுத்து வாழ்ந்தவர். முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாதான் அவருடைய களம். ஏழு வல்லரசுகள், 34 மையங்கள், அவற்றில் 18ஐப் பிடித்தவருக்கு வெற்றி. பகடை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது, அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது. அவர் வைத்த ஒரு விதிதான் என்னைக் கட்டிப்போட்டது. ஒரு படைக்கு ஒரு படை சரி. எதிரில் ஒருவன் நின்றால் தனியாக எவரும் முன்னேற முடியாது. இன்னொரு படை பக்கத்திலிருந்து துணைக்கு வந்தால்தான் எதிரி விலகுவான். ஆகவே வலிமை என்பது உன் கையில் எத்தனை படை என்பதைவிட, உனக்காகத் தன் படையை நகர்த்த எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள் என்பதாக மாறிவிடுகிறது. அரசியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்தத் தபால்காரர் ஒரு விதியில் அடக்கிவிட்டார்.

நான் சேர்த்த விதிகள் இரண்டு. கும்பினிக்குச் சென்னையும் இன்னொரு சீமையும்தான் துணியில் உண்டு. ஆனால் சுற்றுக்கு மூன்று சோழி கடல்வழியாக வந்து சேரும். 1765இல் வங்காளத்தின் திவானி, அதாவது வரி வாங்கும் உரிமை, கும்பினியின் கைக்குப் போனதே, அதற்காக. இரண்டாவது விதி: ஒரு குழு விரும்பினால், சோழி கொடுத்து இன்னொரு குழுவின் கொட்டையைத் தன் கோட்டையில் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொட்டை யாருடைய கட்டளைக்கு அசையும் என்பதை மட்டும் நான் முதலில் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன். கேட்டவர்கள் குறைவு.

முதல் வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். பிள்ளைகள் குனிந்து துணியைப் பார்ப்பார்கள். சிவப்பு நிறத்தில் மைசூர் அகலமாக விரிந்து கிடக்கும். மராத்தியருக்கும் நிஜாமுக்கும் வயிற்றில் புளி கரைக்கும். கும்பினியை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துணியில் அது உள்ளங்கை அளவு. பரப்பைப் பார்த்துப் பயப்படுவது கண்ணின் பழக்கம். வரவைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது மூன்று சுற்று கழிந்துதான் தெரியும். அதற்குள் கும்பினிக் குழுவை ஆளாளுக்கு வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டிருப்பார்கள்.

ஓர் ஆண்டு நிஜாம் குழுவுக்குத் தலைவி ஒல்லியான ஒரு பெண். கணக்கில் கெட்டிக்காரி. மூன்றாம் சுற்றில் மராத்தியர் அவள் எல்லையில் கொட்டைகளைக் குவித்தார்கள். முந்தின வாரம் அவளோடு சேர்ந்து மைசூரை அடித்த அதே மராத்தியர். அவள் கும்பினியிடம் போனாள். வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் பேச்சு நடந்தது. திரும்பி வந்து தன் மஞ்சள் பொட்டு வைத்த கொட்டைகளில் நான்கை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த கும்பினிக் கொட்டை நான்கை வைத்தாள். அவள் முகத்தில் அப்போது நான் கண்டது நிம்மதி. "இனிமே எனக்கு யாரைப் பத்தியும் கவலை இல்லை சார்" என்றாள். சொன்ன கையோடு, சுற்றுக்கு நான்கு சோழி எண்ணிக் கொடுக்கத் தொடங்கினாள்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன். பேரரசு கட்டப்படும் கதையில் வாளையும் பீரங்கியையும் நாம் நிறையப் படித்துவிட்டோம். தன் படையை விலக்கிவிட்டுத் துணைப்படையை உள்ளே விட்டவனுடைய நிம்மதியை யாரும் பாடத்தில் எழுதுவதில்லை.

துணியிலிருந்து வரலாற்றுக்கு வருவோம். நிஜாமின் ஐதராபாத், மராத்தியரின் பூனா, மைசூர் மூன்றும் கும்பினியை இனம் கண்டுகொள்ளவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1780இல் மூன்றும் கும்பினிக்கு எதிராக ஒரே அணியில் நின்றன. அந்த ஆண்டு மைசூரை ஆண்ட ஹைதர் அலி கருநாடகச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. கும்பினிக்கு அதைவிட ஆபத்தான காலம் தெற்கில் வந்ததில்லை. கும்பினியின் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் அந்த அணியைப் போர்க்களத்தில் உடைக்கவில்லை. நிஜாமுக்கு என்ன குறை? குண்டூர். அதைத் திருப்பிக் கொடுத்தார். மராத்தியத் தலைவர்களில் நாகபுரி போன்ஸ்லேக்குப் பணம் போனது. மகாத்ஜி சிந்தியாவைத் தனியாகப் பிடித்து, 1782இல் சால்பாய் உடன்படிக்கை வழியாக மராத்தியரோடு சமாதானம் செய்துகொண்டார். ஒவ்வொருவருக்கும் அவரவர் மனக்குறை எது என்று பார்த்து அதை மட்டும் தீர்த்தார். கடைசியில் மைசூர் தனியாக நின்றது. என் வகுப்பில் கும்பினிக் குழு இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே செய்யும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருவரோடு இரண்டு நிமிடம், வேப்பமரத்தடியில் இன்னொருவரோடு இரண்டு நிமிடம். கூட்டணி மூவராகக் கூடி ஏற்படும். உடைவது எப்போதும் இருவர் பேசும் பேச்சில்.

பத்தே ஆண்டில் அணி தலைகீழானது. 1790இல் மராத்தியரும் நிஜாமும் கும்பினியோடு சேர்ந்து ஹைதரின் மகன் திப்புவுக்கு எதிராக நின்றார்கள். அவர்களை மூடர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. திப்பு 1786இல் நிஜாமின் அதோனியை முற்றுகையிட்டவர், மராத்தியரோடு 1787 வரை போரிட்டவர், 1789 இறுதியில் திருவிதாங்கூர்மீது பாய்ந்தவர். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. திப்புவின் வீரத்தை நான் மதிக்கிறேன். அவருடைய தூதுக் கொள்கையில் ஒரு பெரிய ஓட்டையையும் காண்கிறேன். கான்ஸ்டான்டினோப்பிளுக்குத் தூது அனுப்பினார். 1788இல் அவருடைய தூதர்கள் பதினாறாம் லூயி மன்னனைப் பார்த்தார்கள். கடல் தாண்டி நட்புத் தேடியவர், பக்கத்து வீட்டுக்காரனின் பயத்தைத் தணிக்க அதே அக்கறையைக் காட்டியிருந்தால் தென்னாட்டின் கதை வேறாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தப் போரில் திப்பு தோற்றார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. அவர் கொடுத்தது நாட்டில் பாதி, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், பிணையாகத் தம் பிள்ளைகள் இருவர். பாதி நாட்டை மூன்று கூட்டாளிகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கும்பினிக்கு மலபார், திண்டுக்கல், பாராமகால். பாராமகால் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம். எங்கள் பள்ளி மைதானத்திலிருந்து பார்த்தால் தெரியும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை 1791 நவம்பரில் கும்பினிப் படை இரவில் ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு ஒரு காகிதத்தில் அது கைமாறிவிட்டது. அந்தக் கோட்டையைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்.

நிஜாமுக்குக் கிடைத்த பங்கில் கடப்பையும் ஒன்று. ஹைதர் காலத்தில் மைசூர் பிடித்திருந்த சீமை அது. ஐதராபாத்துக்கு வெற்றி மகிழ்ச்சி. மூன்றே ஆண்டில், 1795இல், கர்தா என்ற இடத்தில் நிஜாமைத் தாக்கி முறியடித்தவர்கள் அந்தக் கூட்டாளி மராத்தியர்தான். இன்னொரு கூட்டாளியான கும்பினியோ அந்தச் சண்டையில் தலையிடவில்லை. பொது எதிரி ஒடுங்கியதும் கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் அளக்கத் தொடங்குகிறார்கள். ஒரு கூட்டணி நல்லதா கெட்டதா என்று எடைபோட வேண்டிய நாள் வெற்றிக்கு மறுநாள். யார் படை நின்றிருக்கிறது, யார் படை தேய்ந்திருக்கிறது என்று அன்றுதான் தெரியும்.

பயந்துபோன நிஜாம் அலி கான் என்ன செய்தார்? ரேமோன் என்ற பிரெஞ்சுக்காரர் பழக்கிய, பதினாலாயிரம் பேர் கொண்ட படை அவரிடம் இருந்தது. 1798 செப்டம்பரில் கும்பினியின் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியோடு கையெழுத்தானது துணைப்படைத் திட்டம். கும்பினியின் ஆறு பட்டாளம் ஐதராபாத்தில் இருக்கும். அதற்கு நிஜாம் ஆண்டுக்கு இருபத்துநான்கு லட்சம் ரூபாய்க்குமேல் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் பழக்கிய படையைக் கலைத்துவிட வேண்டும். அக்டோபரில் அந்தப் பெரும்படை பெரிய சண்டை ஏதுமின்றி ஆயுதத்தைக் கீழே போட்டது. மறு ஆண்டு மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார், நிஜாமுக்கு மேலும் கொஞ்சம் நிலம் கிடைத்தது. வரைபடத்தில் ஐதராபாத் அதற்குமுன் இருந்ததைவிடப் பெரிதானது. 1800 அக்டோபரில் துணைப்படையின் செலவுக்கு ஈடாக, 1792இலும் 1799இலும் மைசூரிடமிருந்து பெற்ற நிலம் முழுவதையும் நிஜாம் கும்பினிக்கே எழுதிக் கொடுத்தார். கடப்பை, பல்லாரி, அனந்தப்பூர்ச் சீமைகள் அப்படிப் போயின. தெலுங்கில் அந்த நாட்டுக்குத் தத்த மண்டலம் என்றே பெயர் விழுந்தது, கொடுத்துவிட்ட மண்டலம். 1928இல்தான் ராயலசீமை என்று வேறு பெயர் வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மண், தான் தானமாகப் போன கதையைத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருந்தது.

பூனாவிலிருந்து மராத்தியரை நடத்திய பேஷ்வாவின் கதையை விரிக்க வேண்டியதில்லை. 1802 டிசம்பர் 31ஆம் தேதி பசீனில் அதே துணைப்படை, 1818இல் பேஷ்வா ஆட்சிக்கே முடிவு. ஆற்காடு அதற்கும் முன்னே கடனில் மூழ்கி, 1801இல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று யாரும் எண்ண வேண்டாம். கி.மு. 478இல் பாரசீகத்துக்கு எதிராகக் கிரேக்க நகரங்கள் ஏதென்சின் தலைமையில் ஒரு கூட்டணி அமைத்தன. டெலோஸ் தீவில் பொதுக் கருவூலம். முதலில் பலர் கப்பல் கொடுத்தார்கள். போகப் போக, வீட்டை விட்டுப் போய்ப் போரிடச் சலித்து, கப்பலுக்குப் பதில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பணத்தில் ஏதென்ஸ் தன் கப்பற்படையைப் பெருக்கியது. விலக நினைத்த நகரங்கள் தங்களிடம் கப்பலும் இல்லை, போர்ப் பழக்கமும் இல்லை என்று அன்றுதான் கண்டன. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 454இல் கருவூலமே ஏதென்சுக்குப் போய்விட்டது. கூட்டணி பேரரசாக மாறிய நாள் எது என்று கேட்டால், கருவூலம் இடம்மாறிய நாளை நான் சொல்ல மாட்டேன். கப்பலுக்குப் பதில் பணம் தருகிறேன் என்று முதல் நகரம் சொன்ன நாளைச் சொல்வேன். அன்று அந்த நகரத்து மக்களும் நிம்மதியாகத்தான் தூங்கியிருப்பார்கள்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பன்னிரண்டு அரசர்கள் கொண்ட மண்டலத்தைப் பேசுகிறது. அடுத்த நாட்டான் பகைவன், அதற்கடுத்தவன் நண்பன் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த மண்டலத்தில் உதாசீனன் என்று ஒருவன் உண்டு. சண்டைக்காரர்களுக்கு அப்பால் நிற்பவன், எல்லோரையும்விட வலியவன், நினைத்தால் எவரையும் தூக்கிவிடவும் அமுக்கவும் முடிந்தவன். 1780ஐ மறந்த நம் அரசர்கள் பக்கத்துப் பகைவனை எண்ணிக்கொண்டிருந்தார்கள், உதாசீனனை எண்ணவில்லை. வங்காளத்து வரிப்பணத்தோடு கடற்கரையில் நின்றவனைத் துணை என்று நினைத்தார்கள்.

சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார், பிள்ளைகளுக்கு வஞ்சகத்தையா சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. இரண்டு பையன்கள் ஒரு சீட்டுக்காக ஒரு மாதம் பேசாமலிருந்ததும் உண்டு. அதன்பிறகு ஏழாம் வெள்ளி ஒன்றைச் சேர்த்தேன். அன்று விளையாட்டு இல்லை. வாக்குத் தவறியவர் எழுந்து, எந்த நேரத்தில் எதைப் பார்த்து மனம் மாறினேன் என்று சொல்ல வேண்டும். ஏமாந்தவர், எந்த அறிகுறியைக் காணாமல் விட்டேன் என்று சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் ஆறு வெள்ளியைவிட அந்த ஏழாவதுதான் பெரிய பாடம். மனம் மாறியதற்குப் பேராசையைக் காரணம் சொன்ன பிள்ளைகள் சிலரே. "அவங்க முந்திக்குவாங்கன்னு பயந்தேன் சார்" என்பதுதான் அடிக்கடி வந்த பதில்.

இன்னொரு வெள்ளிக்கிழமை. பின்வரிசையில் அமர்ந்து எதுவும் பேசாத ஒரு பையன், ராயக்கோட்டைப் பக்கம், அப்பா தக்காளி போடுகிறவர். திடீரென்று கேட்டான்: "சீமை சீமைக்கு ஒரு சோழி வருதே சார், அதை யார் சார் குடுக்கறது?" எனக்குச் சுருக்கென்றது. அத்தனை ஆண்டும் துணியில் அரசர்கள் இருந்தார்கள், குடிகள் இல்லை. 1792இல் பாராமகால் கைக்கு வந்ததும் கும்பினி நிலத்தை அளக்கத் தொடங்கியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் 1799 வரை எங்கள் மண்ணில் வயல் வயலாகக் கணக்கெடுத்தார்கள். குடியானவனிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருப்பெற்றது. தத்த மண்டலத்துக்குக் கலெக்டராகப் போனவரும் அதே மன்றோ. நிஜாமின் நிம்மதிக்கு விலை கொடுத்தவர்கள் கடப்பைக் குடியானவர்கள். அவர்களை யாரும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மறு ஆண்டிலிருந்து ஆறாவது குழுவாகக் குடிகளைச் சேர்த்தேன். கொட்டை அவர்களுக்குக் கிடையாது. சோழிகள் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். அளவுக்கு மீறிப் பிடுங்கினால் அடுத்த சுற்றில் அந்தச் சீமையைத் தரிசாகப் போடலாம். விளையாட்டு நிதானப்பட்டது. படையைக் கூட்டுமுன் குழுக்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கின.

அந்த ஒல்லிப் பெண்ணின் ஆட்டம் எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. ஆறாம் வெள்ளி, பெல் அடித்ததும் அவரவர் கொட்டையை அவரவர் பையில் போடச் சொன்னேன். துணியில் அவளுடைய நாடு தொடங்கிய நாளைவிட இரண்டு சீமை கூடுதலாக இருந்தது. சீமை சீமையாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சுண்ணாம்புப் பொட்டு. ஐந்தாம் சுற்றில் கட்டணத்துக்குச் சோழி பற்றாமல், பையில் கிடந்த தன் கொட்டைகளையும் கலைத்திருந்தாள். "நான் ஜெயிச்சேனா தோத்தேனா சார்?" என்றாள். கும்பினிக் குழுவைக் கேட்கச் சொன்னேன். கேட்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள்.

கும்பினி தடுக்கப்பட்ட ஆண்டும் உண்டு. நான் பார்த்தவரையில் ஒரே ஒரு ஆண்டு. அந்த முறை மைசூருக்குத் தலைமை ஒரு மளிகைக்கடைக்காரர் மகள். இரண்டாம் சுற்றில், யாரும் அடிக்காதபோதே, கடப்பையை நிஜாம் குழுவுக்கு எழுதிக் கொடுத்தாள். அவள் குழுவே அவளைத் திட்டியது. "நாளைக்குப் பாதி நாடு போறதுக்கு இன்னைக்கு ஒண்ணு போகட்டும்" என்றாள். நிஜாம் குழுவின் பையன் நம்பவில்லை. இதில் ஏதோ சூது என்றான். அவள் நம்பச் சொல்லவும் இல்லை. தன் சீட்டைப் போசியில் போடுமுன் அவனிடம் பிரித்துக் காட்டினாள், அவனையும் காட்டச் சொன்னாள். இது விதியில் இல்லை. விதிக்கு எதிரும் இல்லை. மூன்றாம் சுற்றில் மராத்தியரும் வந்து சேர்ந்தார்கள். கும்பினிக் குழு வழக்கம்போல ஒவ்வொருவரையும் தனித்தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டது. போகிறவன் திரும்பி வந்து, கும்பினி எனக்கு என்ன தருவதாகச் சொன்னது என்று மற்ற இருவரிடமும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று தங்களுக்குள் கட்டு வைத்துக்கொண்டார்கள். துணைப்படையை எவரும் வாங்கவில்லை.

அவர்களுக்குள் நட்பு மலர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசிவரை ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம்தான். ஒவ்வொரு வெள்ளியும் துணியை விரித்ததும் முதல் வேலையாக மூன்று குழுவும் தங்கள் பைகளைத் தரையில் கொட்டி, ஒருவர் கொட்டையை ஒருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அவரவர் எல்லையில் போய் உட்கார்ந்தார்கள்.